மூன்றாம் வகுப்பின் குரல்

டீச்சர் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கிவிட்டார். தலையில் முகம் மறைய ஓர் அட்டைப் பெட்டி, கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டபடி, ஒரே சீராக எட்டு வைத்து, டீக்கடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஓடியது. அதற்கும் பின்னால், செருப்பை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு நான் ஓடினேன். "டீச்சர், நில்லுங்க டீச்சர்! பஸ்ஸு வருது டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் இப்போ டீச்சர் இல்ல கண்ணுங்களா, ரோபோ. ரோபோ சீட்டுல இருக்கறத மட்டும்தான் செய்யும். நேரா போன்னு சீட்டு குடுத்தீங்க, போய்க்கினே இருக்கறேன். நில்லுன்னு எங்கனா எழுதிக் குடுத்தீங்களா?"

எழுதிக் கொடுக்கவில்லைதான். நேராகப் போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று மூன்று விதமான சீட்டுகளைத்தான் அன்று காலை பிள்ளைகளோடு சேர்ந்து வெட்டியிருந்தேன். ரோபோவை வேப்பமரம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது விளையாட்டு. மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ரோபோ தானாக நின்றுவிடும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினார். கடைசியில் வகுப்பிலேயே பெரிய வாயாடியான ஒரு பெண், ஓடிக்கொண்டே ஒரு சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் 'நில்' என்று கிறுக்கி, எகிறிக் குதித்து அந்த ஓட்டைகளுக்கு நேரே காட்டினாள். தூக்கிய காலைக் கீழே வைக்காமல், ஒற்றைக் காலில், நடுரோட்டில் நின்றார் டீச்சர். அப்புறம் பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "ம், இப்போ தெரிஞ்சிதா? வாங்க, போய் ஒழுங்கா எழுதலாம்" என்று எல்லாரையும் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதமாக நான் சொல்லிப் புரியாதது அன்றைக்கு அந்த வகுப்புக்குப் புரிந்தது.

எனக்கு ஊர் விழுப்புரம். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வேலை பார்த்து, அந்த வேலை கசந்து திரும்பி வந்தவள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கோடிங் அறிமுகப்படுத்தும் ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்திருந்தேன். யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய லேப்டாப்புகளைப் பையில் அடைத்துக்கொண்டு, வியாழக்கிழமை தோறும் திண்டிவனம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போவேன். சவுக்குத் தோப்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையும் தாண்டி, மாதா கோயிலை ஒட்டி ஓட்டுக் கட்டடத்தில் பள்ளிக்கூடம். பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் பாதி, மாரியம்மன் கோயில் தெருப் பிள்ளைகள் பாதி. கரண்ட் இருந்தால் லேப்டாப், இல்லாவிட்டால் சீட்டும் அட்டைப் பெட்டியும். கோடிங் என்றால் அந்த வயதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரையில் வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டையும் ஒரு கட்டளை. ஒன்றின் கீழ் ஒன்றாக இழுத்து ஒட்டினால் திரையில் இருக்கும் பூனை அதன்படி நடக்கும், திரும்பும், மியாவ் என்று கத்தும். பிள்ளைகள் பாதி நேரம் அதைக் கத்த வைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

மற்றப் பள்ளிகளில் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு டீச்சர்கள் நோட்டுத் திருத்தப் போய்விடுவார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் மூச்சு விட நேரம் வேண்டும். இந்த டீச்சர் மட்டும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொள்வார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திண்டிவனத்தில், பாப்பா என்று அவர் கூப்பிடும் தங்கையின் குடும்பத்தோடு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போனார். அரசாங்கச் சம்பளம் இல்லாமல், நிர்வாகமே நியமித்த டீச்சர். முதல் நாளே என்னிடம், "தோ பாரும்மா மிஸ்ஸு, எனக்கு இது ஒண்ணும் தெரியாது. தெரியாதவங்க வரிசையில என்னியும் குந்த வச்சிடு" என்றார். சொன்னபடியே குந்தினார். தப்பாகக் கட்டையை ஒட்டினார், பிள்ளைகளிடம் திட்டு வாங்கினார், சந்தோஷமாகச் சிரித்தார்.

அந்தக் குரலைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். இனிமையான குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் உடைசல், ஆனால் பெரிய குரல். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மைக் கெட்டுப்போனால் வாசகம் வாசிக்க அவரைத்தான் எழுப்பிவிடுவார்களாம். வகுப்பறையிலிருந்து அவர் கூப்பிட்டால் ஏரிக்கரைப் பக்கம் நழுவிய பையன் திரும்பி வருவான். யாரைக் கூப்பிட்டாலும் கடைசி எழுத்தைப் பிடித்து மேலே இழுத்து, அங்கேயே ஒரு கணம் நிறுத்தி வைத்து, அப்புறம்தான் விடுவார். அந்த ஒரு கணத்தில் கூப்பிடப்பட்ட ஆளுக்குத் தான் முக்கியமான ஆள் என்று தோன்றிவிடும். எனக்கே தோன்றும். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "வந்துட்டியா மிஸ்ஸூ!" என்று அது வந்து என்னைப் பிடிக்கும். சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். சுற்றுக்குள் சுற்று வந்ததும் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்போது அக்டோபர் மாதம், சாயங்காலங்களில் வீடு வீடாக ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிற மாதம். டீச்சர் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டார். "பத்து சின்ன மணி, பத்து மந்திரம். முடிஞ்சிதா? இப்போ பெரிய மணி. மறுபடியும் பத்து. இந்த மாதிரி அஞ்சி வாட்டி. இன்னா, நேத்துகூட சொன்னோமில்ல?" மாரியம்மன் கோயில் தெருவைச் சேர்ந்த ஒருவன் விடவில்லை. "டீச்சர், நாங்க மூணு சுத்து சுத்துவோம். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கும்புடு" என்றான். "அதுவும் அதேதான்டா ராஜா" என்று அவனுக்கும் அந்த இழுத்த கூப்பிடல் விழுந்தது. அன்றைக்குப் பூனை ஐந்து சுற்று சுற்றி, சுற்றுக்குப் பத்து தடவை மியாவ் என்று கத்தியது. வகுப்பு மொத்தமும் கூடவே எண்ணியது.

அந்த மழைக்காலத்திலேயே குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்றார், சுக்குத் தண்ணீர் குடித்தார். கம்மல் போகவில்லை. தங்கை வற்புறுத்திப் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தொண்டையில் கட்டி இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் குரல் திரும்புவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த நாளில் நான் அழுதேன். குரல் அடியோடு போய்விட்டது என்று தெரிந்த நாளில் ஏனோ அழுகை வரவில்லை. அது போகக்கூடிய பொருள் என்றே என் மனசு ஏற்றுக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்து, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தலைமையாசிரியையான ஹெச்.எம். சிஸ்டர் நல்ல மனுஷி. அவருக்கே தர்மசங்கடம். "எனக்கு மனசு கேக்கல டீச்சர். ஆனா மேனேஜ்மென்ட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது? பேசாம எப்படிங்க சின்னப் பிள்ளைங்கள மேய்ப்பீங்க? ஆபீஸ்ல குந்திக்கினு ரெஜிஸ்டர் பாருங்களேன்" என்றார். டீச்சர் ஒரு சிலேட்டை எடுத்து, 'மூணாங் கிளாஸ்தான் வேணும். ஒரு மாசம் பாருங்க' என்று எழுதிக் காட்டினார். வேறு எதற்காகவும் அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்த வகுப்பு போய்விட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை என்பது எனக்குத் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். சிஸ்டர் சரி என்றார். மாதக் கடைசியில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

முதல் வாரம் பேஜாராகப் போனது. கையைத் தட்டினார், பிரம்பால் மேஜையைத் தட்டினார், கரும்பலகையில் எழுதினார். எழுதுவதற்காகத் திரும்பினால் பின்னால் சந்தைக்கடை. சீட்டுகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டேன், பாதி வேலை நடந்தது. ஆனால் சீட்டைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளை முதலில் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நிமிர வைப்பதற்குத்தான் குரல். அந்த வியாழக்கிழமை அதே வாயாடிப் பெண் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "மிஸ், அந்தப் பூன மியாவ்னு கத்துதுல்ல? அதே மாதிரி அது டீச்சருக்கு பதிலா கத்தாதா?"

கத்தும். லேப்டாப்பில் மைக் இருந்தது. ஒரு விசையை அழுத்தினால் ஓர் ஒலி கேட்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. யார் எந்தக் கட்டளையைப் பேசுவது என்று அடிதடியே நடந்தது. குந்துங்க, எழுதுங்க, சத்தம் போடாதீங்க, சபாஷ், தண்ணி குடிச்சிட்டு ஜல்தி வா. ஒவ்வொரு பிள்ளையாக மைக் பக்கம் குனிந்து பேசியது. பேசியது பிள்ளையின் குரல்தான், எட்டு வயசுக் கீச்சுக் குரல். ஆனால் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் டீச்சரைப் போலவே பேசினார்கள். நான் சொல்லித் தரவில்லை. 'குந்துங்க' என்றால் அவர்களுக்கு அது அப்படித்தான். கடைசி எழுத்து மேலே போய், நின்று, அப்புறம்தான் இறங்க வேண்டும். விசைகளின் மேல் படம் வரைந்த காகிதத்தை ஒட்டி, இனி வகுப்பிலேயே இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்ட அந்த லேப்டாப்பை டீச்சர் முன் வைத்தார்கள். அவர் ஒரு விசையை அழுத்தினார். "சபாஷ்டா கண்ணூ!" என்றது லேப்டாப். டீச்சர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. பிறகு புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் அதே விசையை அழுத்தினார்.

மாதக் கடைசியில் சிஸ்டர் வந்தார். அவர் வரும் நாள் வியாழக்கிழமையாக அமைந்ததால் நானும் மூலையில் நின்றிருந்தேன். வகுப்பு எழுந்து வணக்கம் சொன்னது. டீச்சர் உட்காரச் சொல்லும் விசையை அழுத்தினார். "குந்துங்கடா கண்ணுங்களாஆ!" என்றது லேப்டாப். வகுப்பு உட்கார்ந்தது. "குந்துங்கடா கண்ணுங்களாஆ!" என்றது மறுபடியும். மறுபடியும். நிறுத்தவே இல்லை. முந்தின நாள் யாரோ அந்தக் கட்டளைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கலாம் என்று கட்டைகளை மாற்றியிருக்கிறார்கள். ஓடிப்போய் லேப்டாப்பை மூடிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். கரும்பலகையில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு வகுப்பைப் பார்த்தார்.

வகுப்பு போகுமா இருக்குமா என்பது அந்த லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறது, அவர் பிள்ளைகளுக்கு யோசிக்க நேரம் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளைகள் லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கட்டையை எடு, அது இல்லை இது என்று முட்டி மோதினார்கள். வாயாடிப் பெண்தான் கண்டுபிடித்தாள். ஒரு கட்டையை இழுத்து வெளியே போட்டாள். வகுப்பறை அமைதியானது. "இன்னா ஆச்சி?" என்று சிஸ்டர் கேட்டார். "எப்பவும் சொல்லிக்கினே இருன்னு போட்டுட்டோம் சிஸ்டர். அதான் நிக்கவே இல்ல. ஒரு வாட்டி சொன்னாப் போதும்" என்றாள் அவள். அப்போதுதான் கவனித்தேன். சிஸ்டர் வாசலுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் அதட்டலுக்கே உட்கார்ந்துவிட்டாராம். "நானே குந்திட்டேன் டீச்சர். உங்க அதட்டல் அப்படியே இருக்குதுங்க" என்றபடி எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு ஆபீஸ், ரெஜிஸ்டர் என்ற பேச்சே எழவில்லை.

டீச்சர் இன்றைக்கும் மூன்றாம் வகுப்பைத்தான் பார்க்கிறார். பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வருவார்கள் அல்லவா? அடுத்த ஜூனில் வந்தவர்களுக்கு டீச்சரின் குரல் கொஞ்சம் ஞாபகம் இருந்தது, பக்கத்து வகுப்பில் இருந்துகொண்டு கேட்டவர்கள். அவர்களும் தங்கள் குரலில் பதிவு செய்தார்கள், அந்த இழுப்பு பாதி இருந்தது. அதற்கடுத்து வந்தவர்களுக்கு முன்னால் பேசிய பிள்ளைகளின் குரல்தான் தெரியும். அதைப் பார்த்துச் செய்தார்கள். இந்த வருஷத்துப் பிள்ளைகள் யாரைப் பார்த்தும் செய்யவில்லை. செல்போனில் பார்க்கிற பொம்மைப் படங்களில் வருகிற மாதிரி, மூக்கால் பேசுகிறார்கள். வகுப்பு நன்றாகத்தான் நடக்கிறது, பிள்ளைகள் இரண்டே மாதத்தில் கட்டைகளைப் பிரித்து மேய்கிறார்கள். முதல் வருஷத்துப் பதிவுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். டீச்சர் போனில் தட்டிக் காட்டினார்: 'அழிச்சிட்டேன். இந்தப் பிள்ளைங்க கிளாஸுல இந்தப் பிள்ளைங்க குரல்தான் இருக்கணும்.' எனக்குக் கோபம் வந்தது. அவர் பொருள், அவர் அழித்தார், நீ யார் கேட்க என்று என்னையே கேட்டுக்கொண்டும் கோபம் போகவில்லை. அவர் பேசின காலத்தில் யாரும் அந்தக் குரலைப் பதிந்து வைக்கவில்லை. தினமும் கேட்கிற குரலை யார் பதிவார்கள்?

இப்போது நான் விழுப்புரத்திலேயே பெரிய தனியார் பள்ளிகளுக்கும் போகிறேன். ஏசி அறை, ஆளுக்கொரு டேப்லட், கண்ணாடிக் கதவு. அங்கே பிள்ளைகள் சமர்த்தாகச் செய்கிறார்கள். நான் உள்ளே போவதும் தெரியாது, வெளியே வருவதும் தெரியாது. திரும்பி வரும்போது சில நாள் பஸ்ஸில் மனசுக்குள் "மிஸ்ஸூ" என்று சொல்லிப் பார்ப்பேன். உள்ளே சரியாகக் கேட்கும். வாய்விட்டுச் சொல்லப் பார்த்தால் அது என் குரலாகிவிடும். டீச்சரை எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். உயிரோடு எதிரில் இருக்கிற ஆளுக்காக ஏங்குவது என்பதை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். ஆனால் ஏக்கம்தான் அது, வேறு பேர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போயிருந்தேன். டீச்சர் மரக்காணத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து அவர் போனில் தட்டுவதும் நான் வாயால் பதில் சொல்வதுமாக இருந்தோம். தங்கை மாடியில் மல்லாட்டை காயப்போட்டுவிட்டு, அந்தக் கோடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று வானம் கறுத்தது. டீச்சர் வேகமாகத் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார்: 'மல்லாட்ட நனையும். அவள கூப்புடு.' மாடிப்படியின் அடியில் போய் நின்று, "அக்கா, மழை வருதுக்கா" என்றேன். கேட்டிருக்காது. பின்னாலேயே வந்த டீச்சர் அப்படியில்லை என்று தலையை ஆட்டினார். கையை நெஞ்சிலிருந்து மெல்ல மேலே கொண்டுபோய், உயரத்தில் நிறுத்தி, வைத்திருந்து காட்டினார்.

நான் மூச்சை இழுத்தேன். "ஏ பாப்பாஆஆ! மழ வருது பாரு, மல்லாட்டைய வாருடீஇ!"

வாயிலிருந்து போகும்போதே தெரிந்துவிட்டது, சரியாக வந்துவிட்டது என்று. மாடியிலிருந்து உடனே பதில் வந்தது. "தோ வர்றேங்க்கா!"

திடுதிடுவென்று ஓடி வந்த காலடிச் சத்தம் பாதியில் நின்றது. படியின் உச்சியில், கையில் முறத்தோடு, தங்கை நின்றாள். மூடியிருந்த தன் அக்காவின் வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் அக்காவைப் பார்த்தாள். மழை பிடித்துக்கொண்டது. அவள் மல்லாட்டைப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொரு வாட்டி கூப்புடு" என்றாள். அக்காவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் கூப்பிட்டேன்.